நகரசபை நாற்காலி

மக்கள் பலர் ஓரிடத்திற் கூடி வாழத் தொடங்கியவுடனே, எவரும் தனித்து நின்று நிறைவேற்றிக்கொள்ள இயலாத தேவைகள் சில தோன்றுகின்றன. உணவையும் உடையையும் ஒருவன் தன் முயற்சியாற் பெறலாம். தன் மனையைத் தானே கூட்டித் துப்புரவு செய்துகொள்ளலாம். ஆயின், மனைவாயிலைக் கடந்து அவன் அடியெடுத்து வைக்குந் தெருவைத் தனக்கென்று அவன் அமைத்துக்கொள்ளல் இயலாது. அத்தெருவின் ஓரத்தில் ஓடும் கழிவுநீர், இரவில் எரியும் விளக்கு, முனையில் நிற்கும் குடிநீர்க் குழாய், அவ்வழியே வந்து செல்லும் பஸ் ஆகிய இவையெல்லாம் ஊரார் அனைவர்க்கும் பொதுவானவை. பொதுப் பொருளுக்குக் காவலர் இல்லையாயின் அது நாளடைவிற் பாழாகும் என்பது யாவரும் அறிந்ததே. அக்காவலை மேற்கொள்ளுதற்கென ஊரார் தம்முள் ஒருவரைத் தெரிந்து அனுப்புகின்றனர். அவரே நகரசபை அங்கத்தினர்.

மந்திரிமாரைப் பற்றியும் சட்டசபையினரைப் பற்றியும் நாள்தோறும் பேசுவோர் பலர். நகரசபை அங்கத்தினரைப் பற்றியோ, குழாயில் நீர் வாராத நாளிலன்றி வேறு நாளில் எவரும் பேசக் காணோம். அவருடைய பதவி எத்தன்மையது, ஓராண்டில் அவர் செய்யக்கூடுவது யாது, அதனைச் செய்தற்கு எத்தகையோர் முன்வருதல் வேண்டும் என்பவற்றை, எம் ஊர்ப்புறமாகிய விருதுநகர், சிவகாசி வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எம் வட்டாரம் நீர்வளத்தாற் பேர்பெற்றதன்று. கரிசல் நிலமும் வானம் பார்த்த பயிருமே எம் செல்வம். கௌசிகா நதியும் வைப்பாறும் மழை பொழிந்த நாளில் நீரோடி, ஏனைய நாட்களில் மணலாய்க் கிடப்பன. இத்தகைய நிலத்தில் நகரங்கள் எழுந்தமைக்குக் காரணம் ஆறன்று, வழியேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்றிசையினின்று சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், வழியிடையே ‘பேட்டை’ என்னும் தங்கிடங்களை அமைத்தனர். வண்டியை அவிழ்த்துவிட்டு, மாட்டுக்கு நீர் காட்டி, கள்வர்க்கு அஞ்சாது சரக்கை வைத்து இராப்பொழுதைக் கழித்தற்கு அவை இடமாயின. வாணிகஞ் செய்வோர் தம் வரவில் ஒரு சிறு பகுதியை ‘மகமை’ என்று பொதுநிதிக்கு அளித்தனர். அந்நிதியாற் கிணறுகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் தோன்றின. விருதுநகரிலுள்ள க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு, வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சேர்க்கும் ‘பிடியரிசி’ முறை துணைநின்றது. அப்பள்ளியிற் சில ஆண்டுகள் பயின்ற சிறுவர் ஒருவரே, பிற்காலத்தில் இந்நாட்டின் முதன்மந்திரியாய் விளங்கிய கு. காமராஜர்.

ஆகவே, பொதுப்பணியும் போக்குவரத்தும் எம் நகரங்களின் பிறப்பிலேயே பிணைந்து நின்றவை என்பது தெளிவு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மகமை ஒரு குலத்தார் தம்முட் கூடி அமைத்துக்கொண்ட நிதி. அதனாற் பிறர்க்கும் நன்மை விளைந்ததுண்டெனினும், அஃது அவர்க்கு உரிமையாய்க் கிடைத்ததன்று. மகமை கொடுத்தற்கில்லாத ஏழைத் தொழிலாளியும், ஊரின் ஓரத்தே ஒதுக்கப்பட்டிருந்தவரும், விளக்கும் நீரும் எமக்கும் உரியவை என்று சொல்லுதற்கு, குலம் வினவாத ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. நகரசபை அத்தகைய அமைப்பாக வந்தது.

1882-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், ஊராட்சியை ஊராரிடமே ஒப்புவித்தல் வேண்டுமென வற்புறுத்தியது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1884-இலும், பின்னர் விரிவாக 1920-இலும் நகரசபைச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. விருதுநகர் 1915-இலும் சிவகாசி 1920-இலும் நகரசபை பெற்றன. விருதுபட்டி என்று வழங்கிய ஊர் விருதுநகர் எனப் பெயர் கொண்டது 1923-இல் ஆகும். அவ்வாண்டிலேயே, கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட பி. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். மதுரை முதல் தூத்துக்குடி வரை 1876-இல் ஓடத் தொடங்கிய புகைவண்டி விருதுநகரை முன்னரே உலகத்தோடு இணைத்திருந்தது. 1927-இல் தென்காசிக்குச் செல்லும் கிளைப்பாதை திறக்கப்பெறவே சிவகாசியும் அவ்விணைப்பைப் பெற்றது. தொழில் பெருகிற்று; மக்கள் பெருகினர்; தெருவும் நீரும் போதாவாயின. நகரசபையின் பொறுப்பும் அங்ஙனமே வளர்ந்தது.

இனி, அந்நகரசபை நாற்காலியைப் பற்றி யாம் சொல்லக் கருதிய செய்திக்கு வருவோம்.

1940-ஆம் ஆண்டின் இறுதியில், தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைவராயிருந்த காமராஜர், யுத்த நிதிக்குப் பொருளுதவுதலை எதிர்த்துப் பேசியமைக்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சிறைப்பட்டார். சத்தியாக்கிரகிகளின் பெயர்ப்பட்டியலுக்குக் காந்தியடிகளின் இசைவு பெறும்பொருட்டு வார்தாவை நோக்கிச் சென்றவரை வழியிலேயே கைது செய்து, வேலூர்ச் சிறையில் வைத்தனர். அவர் அங்கிருந்தபோதே விருதுநகர் நகரசபை அவரைத் தன் தலைவராகத் தெரிந்தெடுத்தது. ஊரார் கருத்து விளங்காததன்று. தம் ஊரில் தோன்றித் தேசத்துக்காகச் சிறை சென்ற ஒருவருக்குத் தாம் அளிக்கக்கூடிய மிகச்சிறந்த மரியாதை அஃதென்றே அவர்கள் எண்ணினர். ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அவர் பெயரளவில் தலைவராயிருந்தார். 1941-ஆம் ஆண்டு நவம்பரில் விடுதலை பெற்று ஊர் திரும்பியவர், நேரே நகரசபைக்குச் சென்று அப்பதவியைத் துறந்தார். முழு நியாயஞ் செய்ய இயலாத பதவியை ஒருவர் வகித்தல் தகாது என்பதே அவர் கொண்ட கொள்கை.

இச்செய்தியைக் கேட்போர் பலர் அதனைத் துறவின் சிறப்பாக மட்டுமே பாராட்டுவர். யாம் அதில் வேறொரு பொருளையுங் காண்கின்றோம். நகரசபைத் தலைமையைச் சிறிய பதவியென்று அவர் கருதியிருந்தாராயின், அதனைத் தம் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டே வேறு பணிக்குச் சென்றிருக்கலாம். அங்ஙனஞ் செய்தோர் அக்காலத்தும் உண்டு, இக்காலத்தும் உண்டு. அப்பதவி ஒருவருடைய முழு நாளையும் முழுக் கவனத்தையும் வேண்டி நிற்பது என்று அவர் மதித்தமையாலன்றோ, தம்மால் அதனைக் கொடுத்தற்கியலாது என்று கண்டவுடன் விலகினார்! ஊரார் அதனைப் பட்டமாக நீட்டினர். அவர் அதனைப் பணியாகக் கண்டு திருப்பித் தந்தார். பதவியின் பெருமையை ஏற்றவரினும் மறுத்தவரே நன்கு உணர்ந்தார் என்று கூறுதல் மிகையாகாது.

இதற்கு மறுமொழி கூறுவாரும் உளர். ‘அவர் நாற்காலியில் இருந்திருப்பின், அவர் செல்வாக்கினால் ஊருக்குச் சில நன்மைகளேனும் விளைந்திருக்குமே, ஊரார் அன்பைத் தள்ளிவிட்டது முறையோ?’ என்பர். இக்கேள்வி எளிதிற் புறக்கணித்தற்குரியதன்று. செல்வாக்குடையவர் ஒருவர் கையெழுத்தால் நடைபெறும் காரியங்கள் பல என்பதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஆயினும், பின் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு இயக்கத்தில் அவர் மீண்டுஞ் சிறைப்பட்டு 1945 வரை அங்கேயே இருந்தார். அவ்வளவு காலமும் விருதுநகரின் நீரும் தெருவும் தலைவரின்றிக் காத்திருந்திருக்குமன்றோ? ஊரார் அன்பை ஏற்றல் வேறு; ஊரார் காரியத்தைக் காக்கவைத்தல் வேறு. அவர் துறந்தது அன்பையன்று.

அவர் முதன்மந்திரியான பின் நிகழ்ந்ததாக எம் ஊர்ப்பக்கத்தில் வழங்கும் செய்தி ஒன்றுண்டு. விருதுநகரில் அவருடைய அன்னையார் சிவகாமி அம்மாள் வாழ்ந்த வீட்டுக்குத் தனியே குடிநீர்க் குழாய் இணைத்துக் கொடுத்தனர் என்றும், அதனை அறிந்த அவர், தெருவார் அனைவரும் பொதுக்குழாயில் நீர் பிடிக்கும்போது தம் வீட்டுக்கு மட்டும் தனிக்குழாய் ஏன் என்று கடிந்து அதனை அகற்றச் செய்தனர் என்றும் சொல்லுவர். மகமையின் ஊரிற் பிறந்தவர், பொதுக்குழாயின் நெறியை உணர்ந்திருந்தார் என்பதே அக்கதையின் கருத்து. குடிநீர்க் குழாயின் முன் முதன்மந்திரியின் தாயாரும் தீப்பெட்டித் தொழிலாளியின் தாயாரும் ஒரே வரிசையில் நிற்றல் வேண்டும். அவ்வரிசையைக் காப்பதே நகரசபையின் கடமை.

நிற்க. அக்கடமை ஓராண்டில் எங்ஙனம் சுழன்று வருகின்றது என்பதைச் சிறிது பார்ப்போம். பங்குனியில் விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் பொங்கல் விழா. பொருட்காட்சியும் கூடவே நிகழும். சுற்றூர்களிலிருந்து வந்து குவியும் மக்களுக்குக் குடிநீர், விளக்கு, கழிப்பிடம், வண்டிகள் நிற்க இடம் ஆகியன வேண்டும். நிதியாண்டின் கணக்கு முடிந்து புதிய வரவுசெலவுத் திட்டம் தொடங்குங் காலமும் அதுவே. சித்திரை, வைகாசியிற் கோடை முற்றும். ஆனைக்குட்டத்திலும் வெம்பக்கோட்டையிலும் நீர் எவ்வளவுண்டு என்பதே ஊரெங்கும் பேச்சாயிருக்கும். பட்டாசுத் தொழிற்கூடங்களில் வெப்பத்தால் விபத்துக்கள் மிகுதற்கேதுவான காலமும் அக்கோடையே. ஆனியிற் பள்ளிகள் திறந்து நடைபெறவே, சிறுவர் செல்லும் வழிகளைப் பற்றிய முறையீடுகள் வரும். புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளியை முன்னிட்டுச் சிவகாசித் தெருக்களில் லாரிகளும் வெளியூர் வணிகரும் நெருங்கி நிற்பர். நடந்து செல்வோர்க்கு வழி அரிதாகும். அப்பால் வடகீழ்ப் பருவமழை; நான்கு மாதம் எவரும் நினையாத சாக்கடை ஒரே இரவில் வீட்டினுட் புகுந்து தன்னை நினைப்பூட்டும். மழை ஓய்ந்தபின் குழிவிழுந்த சாலைகள், அதன்பின் வரி தண்டல், மீண்டும் பங்குனி.

இவற்றுட் சில நகரசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டவை, சில உட்படாதவை. தெரு, விளக்கு, சாக்கடை, குடிநீர், சந்தை, பஸ் நிலையம் ஆகியன நகரசபைக்குரியன. ஆனால் அந்நிலையத்துக்கு வரும் பஸ்களுட் பல அரசாங்கப் போக்குவரத்துக் கழகத்துக்குரியன. பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையாருக்குரியது. இருப்புப்பாதையும் அதன் கடவும் ரெயில்வே இலாகாவுக்குரியன. சிவகாசியிற் சாட்சியாபுரத்துக் கடவருகே வண்டிகள் நீள வரிசையாய் நின்று காத்திருந்ததையும், மேம்பாலம் வேண்டுமென்று ஊரார் நெடுங்காலம் முறையிட்டு வந்ததையும் அப்பக்கத்து மாணவர் அறிவர். விருதுநகரில் 1990-களில் ஊர்ப்புறத்தே கட்டிய புதிய பஸ் நிலையம், பல்லாண்டுகள் பஸ்கள் முறையே வந்து செல்லாமற் கிடந்த செய்தியும் யாவரும் அறிந்ததே. கட்டடம் எழுப்புதல் ஒருவர் கையிலும், வண்டியை அதனுள் வரச்செய்தல் மற்றொருவர் கையிலும் இருப்பின், இடையே நின்று இருவரையும் பேசவைப்பவர் ஒருவர் வேண்டும். ஆதலின் அங்கத்தினர் பணியிற் பாதி ஆணையிடுதலும் தீர்மானித்தலுமாயின், மற்றைப் பாதி சென்று கேட்டலேயாம். கேட்டவுடன் கிடைப்பது அரிது. கேட்டுக்கொண்டேயிருத்தலே அப்பணியின் இயல்பு.

எம் தெருவிலே யாம் கண்டதொன்றைக் கூறுவோம். 2022-ஆம் ஆண்டில் எம் வட்டத்துக்கு அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பெற்றவர் தையற்றொழில் செய்து வாழும் ஓர் அம்மையார். பத்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். மேடையேறிப் பேசுதலும் அவருக்கு வாராது. தெருவார் அவரை ‘அக்கா’ என்றே அழைப்பர். முதலாண்டில் அவர் எடுத்துக்கொண்ட காரியங்கள் நான்கு. எரியாத மூன்று விளக்குக்களை எரியச்செய்தல் ஒன்று. குடிநீர் திறந்துவிடும் நேரத்தை மாற்றுதல் இரண்டு. காலைப் பஸ்ஸின் நேரத்தை மாற்றுதல் மூன்று. தெருக்கோடியில் உடைந்து கிடந்த சிறுபாலத்தைப் புதுப்பித்தல் நான்கு.

விளக்குக்கள் இரண்டு மாதத்தில் எரிந்தன. நீரைப் பற்றிய காரியம் அத்துணை எளிதாயில்லை. எம் தெருவுக்குச் சில நாட்களுக்கொருமுறை முற்பகல் பத்து மணிக்கு நீர் விடுவர். பட்டாசுத் தொழிற்கூடங்களுக்குஞ் சிறு அச்சகங்களுக்கும் வேலைக்குச் செல்லும் பெண்டிர் காலை ஏழு மணிக்கே வண்டியேறிவிடுவர். அவர் வீட்டுக் குடங்கள் நிரம்பா. நீர் திறந்துவிடும் பணியாளர் ஒருவரே பல தெருக்களுக்கும் செல்லவேண்டியவராதலின், ஒரு தெருவின் முறையை மாற்றினால் ஏனைத் தெருக்களின் முறையும் மாறும். அம்மையார் அப்பணியாளருடன் மூன்று நாள் விடியற்காலையில் உடன் நடந்து, எந்தத் தெருவில் வீட்டிலிருப்போர் மிகுதி, எந்தத் தெருவில் வேலைக்குச் செல்வோர் மிகுதி என்று எழுதி வந்தார். பின்பு அம்முறையை மாற்றியமைத்தனர். எம் தெருவுக்கு ஐந்தரை மணிக்கு நீர் வந்தது. ஒரு துளி நீரும் புதிதாக ஊருக்கு வரவில்லை. ஒரு காசும் செலவாகவில்லை. நேரம் மாறிற்று, அவ்வளவே.

பஸ் காரியத்துக்கோ பதினொரு மாதம் சென்றது. பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் ஏறும் பஸ், முதல் மணி அடித்துக் கால்மணி நேரங் கழித்தே பள்ளி வாயிலை அடையும். நாள்தோறும் அவர்கள் வாயிற்படியில் நின்று காரணங் கூறவேண்டியவராயினர். 2021-ஆம் ஆண்டு மே மாதமுதல் சாதாரண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆயினும், நேரத்துக்கு வாராத பஸ் கட்டணமில்லாததாயிருந்தென்ன? அம்மையார் தம் தையல் வேலையை விடுத்து ஒரு கிழமை முழுவதும் அப்பஸ்ஸிலேயே சென்று, எவ்வெவ்விடத்தில் எவ்வளவு நேரம் நிற்கின்றது என்று குறித்தார். பணிமனையிலிருந்த அதிகாரியிடம் சென்று, ‘அண்ணாச்சி, பஸ்ஸைக் கூடுதலாகக் கேட்க வரவில்லை. இருக்கிற பஸ்ஸைக் கால்மணி முந்தி எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்’ என்றார். அவரோ, அந்த வண்டி முந்தினால் அதனோடு தொடர்புடைய மற்றிரண்டு வண்டிகளும் முந்தவேண்டும் என்றார். அதுவும் பொய்யன்று. மாதந்தோறும் அம்மையார் சென்று வந்தார். நகரசபைக் கூட்டத்திலும் இருமுறை எழுந்து சொன்னார். பங்குனி மாதம் நெருங்குகையில் பஸ் கால்மணி முந்திப் புறப்பட்டது.

நான்காவதாகிய சிறுபாலம் அவ்வாண்டு முடிய நிறைவேறவில்லை. அது தம் எல்லையிலில்லை என்று ஓர் அலுவலகமும், தம்முடையதன்று என்று மற்றோர் அலுவலகமும் எழுதிய விடைகள் இரண்டும் அவர் கையிலிருந்தன. நான்கில் மூன்று முடிந்தன. ஒன்று எஞ்சி நின்றது. இதுவே ஓர் அங்கத்தினரின் ஓராண்டு. இதனைப் பத்திரிகைகள் எழுதா. எம் தெருவாருட் பலரும் பஸ் ஏன் முந்தி வருகின்றது என்று வினவியதில்லை. அப்பெண்பிள்ளைகள் மட்டும் வாயிற்படியிற் காரணங் கூறுதலை ஒழிந்தனர்.

பள்ளிக்குச் செல்லும் பஸ்ஸின் கால்மணி நேரத்தை யாம் இத்துணை விரித்துரைத்தற்குக் காரணமுண்டு. எம் வட்டாரத்தில் விடியற்காலையிற் சிற்றூர்களுக்கு வந்து சிறுவரை ஏற்றிச் சென்ற வண்டிகள் பள்ளி வண்டிகளாயிராத காலம் ஒன்றிருந்தது. 1980-களில், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்கூடங்களுக்குச் சொந்தமான வண்டிகள், பொழுது புலரு முன்னரே ஊர்களுக்குச் சென்று, தூக்கங் கலையாத குழந்தைகளை ஏற்றி வந்தமையை அக்கால ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். பள்ளிக்கூடத்துக்கு வண்டியில்லை, தொழிற்கூடத்துக்கு வண்டி வாயிலுக்கே வந்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பரில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வேலைக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் அமர்த்தியோர் நிதியாகச் செலுத்துமாறு விதித்தது. சட்டமும் பள்ளியும் மதிய உணவும் சேர்ந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று அவ்வூர்ப் பெண்பிள்ளை காலையில் ஏறுவது எந்த வண்டி, அது எத்தனை மணிக்கு வருகின்றது என்பன அற்பமான கேள்விகளல்ல என்பது இதனாற் போதரும்.

மற்றொன்றையுங் குறிப்பிடல் வேண்டும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிற் பட்டாசுத் தொழிற்கூடம் ஒன்று வெடித்தெரிந்து ஏறக்குறைய நாற்பது உயிர்களைக் கொண்டது. தீயைக் கண்டு உதவ ஓடிவந்தோரும் மாண்டோருள் இருந்தனர். புண்பட்டோர் பலரை மதுரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டியதாயிற்று. அஃது எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. தொழிற்கூடங்களுக்கு உரிமம் அளித்தல் நகரசபையின் கையிலில்லை. அவற்றுட் பெரும்பாலன நகர எல்லைக்கு வெளியே உள்ளன. எனினும், தீயணைக்கும் வண்டியும் நோயாளி வண்டியும் தடையின்றிச் செல்லும் தெருவை வைத்திருத்தல் ஊராட்சியின் கடமை. ஆக்கிரமிப்பு ஒன்றை அகற்றுங்கால் எழும் பகைக்கு அஞ்சி வாளாவிருந்த அங்கத்தினரின் அமைதி, அத்தகைய நாளில் உயிர்விலையாய் முடிதலுங் கூடும்.

இப்பதவியின் பயனை, அஃது இல்லாதிருந்த காலமே நன்கு புலப்படுத்திற்று. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிவுற்றது. நடைபெறவேண்டிய தேர்தல் நின்றுபோயிற்று. நகரங்களில் 2022-ஆம் ஆண்டு பெப்ருவரி 19-ஆம் நாளே தேர்தல் நிகழ்ந்தது. தெரிந்தெடுக்கப்பெற்றோர் மார்ச்சு 2-ஆம் நாள் பதவியேற்றனர். இடையே ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே நகரங்களை நடத்தினர். அக்காலத்திலும் விளக்கெரிந்தது, நீர் வந்தது, குப்பை அகற்றப்பட்டது. அலுவலர் தம் கடமையைச் செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. ஆயினும், பத்து மணிக்கு வரும் நீர் எம் தெருவுக்குப் பயனில்லை என்று சொல்லுதற்கு எங்கட்கு ஓர் ஆள் இல்லை. அலுவலரிடம் ஊரின் வரைபடம் இருக்கும். அத்தெருவில் யார் எப்பொழுது வீட்டிலிருப்பர் என்பது அவ்வரைபடத்தில் இராது. அதனை அறிந்தவர், அத்தெருவில் வாழ்ந்து, அத்தெருவார்க்கு விடைகூறக் கடமைப்பட்ட ஒருவரே. 1992-இல் அரசியற் சட்டத்தின் எழுபத்துநான்காம் திருத்தம், காலந்தவறாது நகரசபைத் தேர்தல் நடத்துக என்று விதித்தது இவ்வுண்மை பற்றியே.

அத்தேர்தலுக்கு முன்னே 2021-ஆம் ஆண்டில் சிவகாசி, திருத்தங்கலோடு இணைந்து மாநகராட்சியாயிற்று. நாற்பத்தெட்டு வட்டங்கள் அதற்கு அமைந்தன. விருதுநகர் நகரசபைக்கு வட்டங்கள் முப்பத்தாறு. இரண்டையுங் கூட்டின் எண்பத்துநான்கு நாற்காலிகள். அவற்றிற் சரிபாதி மகளிர்க்கென ஒதுக்கப்பெறுவன. இவ்விரண்டு ஊர்களின் வரலாற்றில் இத்தனை பேர்க்கு, இத்தனை பெண்டிர்க்கு, ஊர்க்காரியத்திற் கைவைக்கும் உரிமை முன்னெக்காலத்தும் இருந்ததில்லை. அந்நாற்காலிகளைப் பட்டமாகக் கருதி ஏறுவோர்க்கும் அவற்றில் இடமுண்டு. பணியாகக் கருதி ஏறுவோர்க்கும் இடமுண்டு. எவர் மிகுதியாக அமர்வர் என்பது, எவர் முன்வருகின்றனர் என்பதைப் பொறுத்தது.

நம் கல்லூரி மாணவர்க்கு யாம் சொல்ல விழைவது இதுவே. பட்டம் பெற்றவர் பலர் பெரிய பதவிகளையே கனவு காண்கின்றனர். அது தவறன்று. ஆயினும், வட்டத்தின் நாற்காலி படித்தவர்க்குத் தாழ்ந்ததென்ற எண்ணம் நம்மிடம் இருக்குமாயின், அதனைக் களைந்தெறிதல் வேண்டும். ஒரு முறையீட்டைப் பிழையற எழுதவும், வரவுசெலவுக் கணக்கைப் படித்தறியவும், சட்டத்தின் விதியை எடுத்துக்காட்டவும் நாம் இங்கே கற்கின்றோம். எம் தெரு அம்மையாரிடம் இவை குறைவு. பொறுமையும் பற்றும் நிறைவு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுமாயின், எஞ்சி நிற்கும் சிறுபாலங்கள் எத்தனையோ நிறைவுறும்.

அங்கத்தினராக விழையாதவர்க்கும் இதிற் பங்குண்டு. நம் வட்டத்தின் அங்கத்தினர் யார் என்று நாம் அறிதல் வேண்டும். குறை கூறுதற்கன்றிக் குறிப்புக் கொடுத்தற்காகவும் அவரிடஞ் செல்லுதல் வேண்டும். வரியை நாளில் செலுத்துதல் வேண்டும், வரியின்றி விளக்கில்லை. பிடியரிசி கொடுத்த தாய்மார்கள், தம் பிள்ளை மட்டும் படிக்கவேண்டும் என்று அதனை எடுத்துவைத்தாரல்லர்.

எவரேனும் அந்நாற்காலியை விரும்பி அணுகுங்கால் தம்மைத் தாமே வினவவேண்டிய வினா ஒன்றுண்டு. விடியற்காலையில் நீர் திறப்பவரோடு நடத்தற்கும், பதினொரு மாதம் ஒரே காரியத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லுதற்கும் எமக்குப் பொழுதுண்டா? உண்டெனின், தயங்காது ஏறுக. இல்லையெனின், 1941-ஆம் ஆண்டு நவம்பரில் விருதுநகரில் ஒருவர் செய்தவாறு, அதனைப் பொழுதுடையார் ஒருவர்க்கு விட்டு விலகுக. இரண்டும் ஊருக்குச் செய்யும் நன்மையே.